ஆத்தாவிடம் வலி கேட்டேன்

போன வருடம் மாசி மாதத்தில் என் வலது கண் என் கையை விட்டுப் போய்க்கொண்டிருந்தது. போவது எனக்கே தெரியவில்லை. ஏனென்றால் அது வலிக்கவே இல்லை.

என் பெயர் சரஸ்வதி. பரமத்தி வேலூருக்குப் பக்கத்தில் ஆற்றோரமாக எங்கள் ஊர். வெற்றிலைக் கொடிக்காலும் வாழையும் வைத்திருக்கிறோம். வீட்டில் நான், என் வீட்டுக்காரர், அவருடைய அக்கா. எங்கள் பக்கத்தில் வீட்டுக்காரரின் அக்காவை நங்கையா என்றுதான் கூப்பிடுவோம். நங்கையா தன் கணவர் தவறிய பிறகு எங்களோடேயே இருக்கிறார். ஒரே மகள் பெங்களூரில் வேலை பார்க்கிறாள். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று ஊரில் சொல்வார்கள். எழுத உட்கார்ந்தாலும் அது குட்டையாகாது போலிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். மாரியம்மனைக் கும்பிடுகிற எல்லோருக்கும் இதைச் சொல்ல வேண்டும் என்று நேர்ந்துகொண்டேன், சொல்கிறேன்.

முதலில் நெற்றியில்தான் ஆரம்பித்தது. அதற்கு ஒன்றேகால் வருடம் முன்னால், ஐப்பசி அடைமழையில், வலது பக்க நெற்றியில் கொத்துக் கொத்தாகக் கொப்புளம் வந்தது. மறுநாள் இமை வீங்கிக் கண் மூடிக்கொண்டது. நங்கையா என் முகத்தைப் பார்த்தார். பார்த்த உடனே இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டார்.

"ஆத்தா வந்திருக்கறா. ஊசி கீசின்னு ஆரும் போகப்படாது. எறங்குற வரைக்கும் வேப்பந்தழையில படுத்துக்கட்டும்."

எங்கள் வீட்டில் அம்மை கண்டால் அப்படித்தான். வீட்டில் தாளிக்கக் கூடாது, வாசலில் வேப்பிலை செருக வேண்டும், படுத்திருப்பவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. நங்கையா என்னை ஆத்தா என்றே கூப்பிட்டு இளநீர் கொண்டுவந்து கொடுத்தார். எனக்கும் அது சரி என்றுதான் பட்டது. ஆனால் அந்த வலி இருக்கிறதே, அதை எப்படிச் சொல்ல. நெற்றியில் கொள்ளிக்கட்டையை வைத்து அழுத்துவது மாதிரி இருந்தது. பிள்ளை பெற்றவள் நான், வலி தெரியாதவள் இல்லை. அந்த வேப்பந்தழையில் படுத்துக்கொண்டு ஒன்றே ஒன்றைத்தான் கேட்டேன். ஆத்தா, இந்தக் கண் நோகாமல் இருந்தால் போதும், வேறு எதுவும் வேண்டாம்.

கொப்புளம் காய்ந்த பிறகு பரமத்தி வேலூரில் டாக்டரிடம் போனோம். இது அம்மை இல்லை, அக்கி என்றார். நரம்பில் வரும் கிருமியாம், கண்ணுக்குள்ளும் இறங்கிவிட்டதாம். ஒரு பக்கம் மட்டும் வந்ததைப் பார்த்தே தெரிந்திருக்க வேண்டும் என்றார். வந்த உடனே மாத்திரை போட்டிருந்தால் இவ்வளவு தூரம் போயிருக்காது என்றும் சொன்னார். கூட வந்திருந்த நங்கையா வெளியே போய் மரத்தடியில் நின்றுகொண்டார்.

அதற்குப் பிறகு வலி நின்றுவிட்டது. சுத்தமாக நின்றுவிட்டது. நெற்றியில் அந்தப் பக்கம் கிள்ளினால்கூடத் தெரியாது. கண்ணில் தூசி விழுந்தாலும் தெரியாது. கேட்டதைக் கொடுத்துவிட்டாள் என்று ஆத்தாவுக்குப் பொங்கல் வைத்தேன். ஆனால் கருவிழியில் வெள்ளை விழுந்துகொண்டே வந்தது. அடுத்த ஆவணியில் வலது கண்ணுக்கு வெளிச்சம் மட்டும்தான் தெரிந்தது. எதிரே நிற்பது ஆளா தூணா என்று தெரியாது.

சேலத்தில் ஒரு கண் ஆஸ்பத்திரிக்கு மகள்தான் விசாரித்து அனுப்பினாள். அங்கே இருந்த பெண் டாக்டர் நிதானமானவர். கருவிழி மாற்றி வைக்கலாம் என்றார். கூடவே இன்னொன்றும் சொன்னார்.

"வெக்கிறது கஷ்டம் இல்லம்மா. வெச்ச பிறகு அது மேல தோல் மூடணும். உங்க கண்ணுல உணர்ச்சி இல்ல. அதனால மூடுறது ரொம்பக் கஷ்டமா இருக்கும். பல தடவை வரவேண்டி இருக்கும், சம்மதமா?"

என் காதில் 'வைக்கலாம்' என்பது மட்டும்தான் விழுந்தது. மீதியை என் வீட்டுக்காரர் கேட்டுக்கொண்டார், அவர் முகம் அப்போதே சரியில்லை. தை மாதம் ஆஸ்பத்திரியில் இருந்து போன் வந்தது. யாரோ ஒருவர் இறந்துபோய், அவர் வீட்டார் அழுகையோடு அழுகையாகக் கண்ணைக் கொடுத்திருக்கிறார்கள். எந்த ஊரோ, ஆணோ பெண்ணோ, சொல்ல மாட்டார்கள். அந்தக் கண்தான் எனக்கு வந்தது. வீட்டுக்கு வந்த அன்று மாலை பெயர் தெரியாத அந்த உயிருக்கு ஒரு விளக்கு ஏற்றினேன். இன்றைக்கும் வெள்ளிக்கிழமை ஏற்றுகிறேன்.

கட்டுப் பிரித்ததும் கைவிரல் தெரிந்தது. என் வீட்டுக்காரர் போட்டிருந்த கட்டம் போட்ட சட்டை தெரிந்தது. அந்தச் சட்டையை அவர் எத்தனை நாளாகத் துவைக்கப் போடவில்லை என்பதும் தெரிந்தது. அதைச் சொன்னதும் நர்ஸ் எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு மாசி மாதம் வரைக்கும்கூட நீடிக்கவில்லை.

ஒவ்வொரு முறை போகும்போதும் கண்ணில் ஒரு மஞ்சள் மருந்தைத் தொட்டு வைத்து, நீல விளக்கில் பார்ப்பார்கள். தோல் இல்லாத இடம் மட்டும் பச்சையாகத் தெரியுமாம். என் கண்ணின் நடுவில் பச்சை இருந்தது. சொட்டு மருந்தை மாற்றினார்கள். கண்ணுக்குள் மெல்லிய லென்ஸ் ஒன்றை வைத்து மூடிப் பார்த்தார்கள். பச்சை போகவில்லை. புதிதாக வைத்த கருவிழி மேல் தோல் வராமல், அது வெந்த புண் மாதிரி திறந்தே கிடந்தது.

"நோவுதாம்மா?" என்று ஒவ்வொரு முறையும் டாக்டர் கேட்பார்.

"ஒண்ணுமே நோவுலீங்க டாக்டர்" என்று நானும் பெருமையாகச் சொல்வேன். பரீட்சையில் நல்ல மார்க் வாங்கியவள் மாதிரி.

ஒரு நாள் அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தார். "நீங்க சந்தோஷமா சொல்றீங்க. நான் ஒவ்வொரு தடவையும் நோவுதுன்னு சொல்ல மாட்டீங்களான்னு கேக்கிறேன். கண்ணுக்கு நோவு தெரிஞ்சாத்தான்மா அது இமைக்கும், தண்ணி ஊறும், தோலும் வளரும். உங்க கண்ணுல அந்த நரம்பு செத்துக் கிடக்கு. அடிபட்டது அதுக்கே தெரியல."

நான் கேட்டு வாங்கிய வரம் அதுதான். வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்துகொண்டேன்.

அப்புறம் என் ரத்தத்தையே எடுத்து, அதில் தெளிந்து நிற்கும் தண்ணீரைப் பிரித்து, சொட்டு மருந்தாக்கிக் கொடுத்தார்கள். அதில் தோல் வளர்வதற்கான சத்து இருக்கிறதாம். குளிரிலேயே வைத்திருக்க வேண்டும். ஐஸ் டப்பாவில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் ஊருக்கு வந்தேன்.

அந்த நேரத்தில்தான் எங்கள் ஊர் மாரியம்மனுக்குப் பங்குனி நோன்பு சாட்டித் திருவிழாவை அறிவித்தார்கள். கோயில் முன்னால் கம்பம் நட்டார்கள். எங்கள் பக்கத்து நோன்பைப் பற்றித் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மூன்று கிளை உள்ள மரத்தை வெட்டி வந்து நடுவதுதான் கம்பம். அதற்கு ஊர்ப் பெண்கள் தினமும் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். வேண்டுதல் உள்ளவர்கள் கையில் காப்புக் கட்டிக்கொள்வார்கள். காப்புக் கட்டியவர்கள் வெளியூரில் ராத் தங்கக் கூடாது. கம்பத்தைப் பிடுங்கி ஆற்றில் விடுகிற அன்றைக்குத்தான் காப்பை அவிழ்க்க வேண்டும். அதுவரை வீட்டில் கறி, மீன் என்று கவிச்சி கூடாது. ரத்தம் என்ற பேச்சே கூடாது.

கண்ணுக்காக நானும் காப்புக் கட்டினேன். தலைக்குத் தண்ணீர் வார்க்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால், கழுத்துக்குக் கீழே குளித்துவிட்டுப் போய்க் கம்பத்துக்கு ஊற்றினேன். எனக்குத் துணையாக நங்கையாவும் கட்டிக்கொண்டார். காப்புக் கட்டின மறுநாளே வீட்டில் பஞ்சாயத்து வந்தது. ஃபிரிட்ஜைத் திறந்த நங்கையா அந்தச் சொட்டு மருந்துப் புட்டியைப் பார்த்துவிட்டார்.

"ஏன் சரசு, பாலுக்குப் பக்கத்துல ரத்தத்த வெச்சிருக்கற. காப்புக் கட்டுன ஊடு இது."

"ரத்தம் இல்லீங் நங்கையா. ரத்தத்துல தெளிஞ்ச தண்ணி. வேணும்னா பாருங்க."

புட்டியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். "மஞ்சளாத்தான் இருக்குது" என்று மட்டும் சொல்லிவிட்டு மூடினார். மறுநாள் காலையில் பார்த்தால் ஃபிரிட்ஜ் கைப்பிடியில் ஒரு வேப்பங்கொத்து செருகியிருந்தது. கொத்து இருந்தால் தீட்டு அண்டாதாம். அந்த வருடம் எங்கள் ஊரில் வேப்பிலை கட்டின ஃபிரிட்ஜ் எங்கள் வீட்டில் மட்டும்தான் இருந்திருக்கும்.

அந்த வாரமே மறுபடியும் சேலத்துக்குப் போனோம். மாலைக்குள் திரும்பிவிடலாம் என்று விடியற்காலையில் கிளம்பினோம். டாக்டர் நீல விளக்கில் பார்த்தார். இன்னொரு டாக்டரைக் கூப்பிட்டார், அவரும் பார்த்தார். இரண்டு பேரும் தங்களுக்குள் மெதுவாகப் பேசிக்கொண்டார்கள். டாக்டர்கள் மெதுவாகப் பேசினால் சேதி நல்லதாக இருக்காது.

"பச்சை பெருசாயிருச்சும்மா. நடுவுல கருவிழி கரைய ஆரம்பிச்சிருக்கு. இனி மருந்தை மட்டும் நம்ப முடியாது. மேல் இமையையும் கீழ் இமையையும் சேத்துத் தெச்சு, கண்ணை மூடிடணும்."

என் வீட்டுக்காரர் சட்டென்று எழுந்து நின்றார். கண்ணை மூடுவது என்றால் நம் பேச்சில் என்ன என்று உங்களுக்குத் தெரியும். டாக்டரும் புரிந்துகொண்டார். "தப்பா எடுத்துக்காதீங்க. கொஞ்ச நாளைக்குச் சாத்தி வெக்கணும். காத்து படாம, இமை உரசாம இருந்தா உள்ள தோல் வளரும். இன்னைக்கே சேந்துருங்க" என்றார்.

நர்ஸ் கத்தரிக்கோலை எடுத்துவந்தார். தியேட்டருக்குள் கையில் கயிறு இருக்கக் கூடாது என்று என் மணிக்கட்டைப் பிடித்தார். நான் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். கண்ணுக்காகத்தான் காப்பைக் கட்டினேன். அதை நடுவில் அறுத்தால் ஆத்தா குற்றம் ஆகும். அறுக்காவிட்டால் கண் போய்விடும். காப்பு விஷயத்தை என் வீட்டுக்காரர்தான் டாக்டரிடம் சொன்னார். எனக்கு அழுகைதான் வந்தது.

டாக்டர் கோபப்படவில்லை. ஆனால் தெளிவாகச் சொன்னார். "ஊருக்குப் போய்ட்டு நாளைக்குக் காலையில வந்துருங்க. நாளையைத் தாண்டினா நான் பொறுப்பு இல்லம்மா. ஓட்டை விழுந்துட்டா, வெச்ச கருவிழியும் போயிரும், கண்ணே போயிரும்."

அந்தப் பஸ் பயணத்தை நான் மறக்கவே மாட்டேன். என் வீட்டுக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். அப்போது ஒன்று தெரிந்தது. அழுத கண்ணீரில் இடது கண் எரிந்தது. வலது கண் எரியவே இல்லை. அதிலும் தண்ணீர் வழிந்துகொண்டுதான் இருந்தது, ஆனால் கல்லின் மேல் வழிவது மாதிரி இருந்தது. அந்த இடத்தில்தான் என் மனசு விட்டுப்போனது. என் கண் என்னோடு சேர்ந்து அழக்கூட இல்லை என்று தோன்றியது.

அங்கேயே கேட்டேன். வாய்விட்டுக் கேட்டேன், பக்கத்து சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். "ஆத்தா, அன்னைக்கு நோவு வேண்டாம்னு கேட்டேன். அறியாம கேட்டுப்போட்டேன். இப்ப நோவைக் குடு. இந்தக் கண்ணு நோகட்டும்."

ஊருக்கு வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. கோயில் முன்னால் பறை அடித்துக்கொண்டிருந்தார்கள். பெண்கள் வரிசையாகக் கம்பத்துக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே பூசாரியிடம் போனோம். என் வீட்டுக்காரர் நடந்ததைச் சொன்னார். பூசாரி நல்ல மனுசர்தான். ஆனால் தலையைச் சொறிந்தார்.

"காப்பை நடுவுல அவுக்குற பழக்கமே இல்லீங்க. கம்பம் புடுங்குற அன்னிக்குத்தானுங்க. ஊருக்கே ஏதாவது ஆச்சுன்னா நாளைக்கு என்னயத்தான் கேப்பாங்க."

சுற்றி நின்றவர்கள் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். பூப் போட்டு ஆத்தாவிடம் உத்தரவு கேட்கலாம் என்றார் ஒருவர். ஊரைக் கூட்டிக் கேட்கலாம் என்றார் இன்னொருவர். நோன்பு முடிந்த பிறகு தைத்தால் ஆகாதா என்று ஒரு அம்மாள் கேட்டார். என் வீட்டுக்காரர் அதிகம் பேசுகிறவர் இல்லை. "கண்ணு போயிருமுங்க" என்று மட்டும் சொன்னார். அதையே மறுபடியும் சொன்னார். அவர் குரல் உடைந்ததை நான் அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கேட்டேன்.

அப்போது நங்கையா ஈரச் சேலையோடு குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். கம்பத்துக்கு ஊற்றிவிட்டு வருகிறார். என்னவென்று கேட்டார், சொன்னார்கள். குடத்தைக் கீழே வைத்தார். இடது கையைப் பூசாரியிடம் நீட்டினார்.

"இவ காப்பை அவுத்து எனக்குக் கட்டுங்க."

"உங்க கையில ஏற்கெனவே ஒண்ணு இருக்குதுங்களே."

"அது சோத்துக் கை. இது இன்னொரு கை. ரெண்டு கையக் குடுத்துத்தான அனுப்பிருக்கறா."

பூசாரி தயங்கினார். நங்கையா விடவில்லை. "இவ ஊத்தற தண்ணியையும் சேத்து நான் ஊத்தறேன். காப்பு ஊருக்குள்ள என்ற கையில இருக்குது, அப்புறம் இவ எங்க போய்த் தங்குனா ஆருக்கு என்ன? குத்தம் வந்தா எனக்கு வரட்டும். கட்டுங்க சாமி."

பறைக்காரர்கள்கூட அடிப்பதை நிறுத்திவிட்டார்கள். பூசாரி ஒரு நிமிஷம் கோயிலுக்குள் பார்த்துக் கும்பிட்டார். திரும்பி வந்து என் கைக் காப்பின் முடிச்சை விரலாலேயே அவிழ்த்தார், அறுக்கவில்லை. அதே கயிற்றை நங்கையாவின் இடது கையில் கட்டித் திருநீறு பூசினார்.

நங்கையா ஏன் அப்படிச் செய்தார் என்று நான் கேட்கவில்லை. வேலூர் ஆஸ்பத்திரி மரத்தடியில் அவர் நின்ற நாளில் இருந்து அவர் மனசில் என்ன இருந்தது என்பது எனக்குத் தெரியும். அவரும் சொல்லவில்லை. ஆனால் ஒன்றை நான் சத்தியமாக நம்புகிறேன். ஊரே வழி தெரியாமல் நின்றபோது, அந்த வார்த்தையை அவர் வாயில் வைத்தது ஆத்தாதான். வருடம் முழுக்கச் சாத்திரம் பேசுகிறவர் வாயில் வைத்தாள் பாருங்கள், அதுதான் அவள் விளையாட்டு.

மறுநாள் காலையில் தைத்துவிட்டார்கள். மூக்குப் பக்கம் மருந்து விடுவதற்கு மட்டும் ஒரு சின்ன இடைவெளி விட்டிருந்தார்கள். மரத்துப்போகிற ஊசி போட்டுத்தான் தைத்தார்கள். ஜாக்கெட் தைக்கக் கொடுத்தால் டெய்லர் நாளைக்கு வா, அடுத்த வாரம் வா என்று இழுப்பார். இவர்கள் அரை மணி நேரத்தில் முடித்துவிட்டார்கள் என்று டாக்டரிடம் சொன்னேன். அவர் சிரித்தார். பயத்தில்தான் வாய் அதிகமாக ஓடியது என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

ஊரில் இருந்து யாரோ கெங்கவல்லியில் இருக்கும் என் பெரியம்மா மகளுக்குப் போனில் சொல்லியிருக்கிறார்கள், சரசுவுக்குக் கண்ணை மூடியாச்சு என்று. அவள் அதைச் சரசு கண்ணை மூடியாச்சு என்று கேட்டுவிட்டாள். என் மகளுக்குப் போன் போட்டு ஓவென்று அழுதிருக்கிறாள். பெங்களூரில் ஆபீஸில் இருந்த மகள் பதறிப்போய் எனக்கே அடித்தாள். "அம்மா, நீ இருக்கறயா?" என்றாள். "இருக்கறேன் கண்ணு, ஒரு கண்ணோட இருக்கறேன்" என்றேன். சிரித்தோம். போனை வைத்த பிறகு இரண்டு பேரும் தனித்தனியே அழுதோம், அதை அவள் பின்னால் சொன்னாள்.

தைத்துவிட்டதோடு துன்பம் தீர்ந்துவிடவில்லை. சித்திரை வெயிலில் தையல் போட்ட இடம் வியர்த்து அரித்தது. கொடிக்கால் பக்கமே போகக் கூடாது, மாட்டுக்குத் தீவனம் போடக் கூடாது, குனியக் கூடாது. வேலை செய்தே பழகினவளுக்குச் சும்மா இருப்பது சிறை. ஒரு முறை ஓரத்தில் ஒரு தையல் தளர்ந்து இமை விலகிவிட்டது, மறுபடியும் போட்டார்கள். அந்த இடைவெளி வழியாக டாக்டர் நீல விளக்கைப் போட்டுப் பார்க்கும்போதெல்லாம் நான் மூச்சை அடக்கிக்கொள்வேன். ஒரு முறை பச்சை சிறுத்திருக்கிறது என்பார். அடுத்த முறை அப்படியேதான் இருக்கிறது என்பார். நம்பிக்கை வைத்தேன் என்று எழுதுவது சுலபம். நிஜத்தைச் சொன்னால், பாதி நாள் ஆத்தாவோடு சண்டைதான் போட்டேன். யாரோ செத்துக் கொடுத்த கண்ணைக்கூட எனக்குக் காப்பாற்றிக் கொடுக்க மாட்டாயா என்று அவள் முகத்துக்கு நேரே கேட்டேன். கேட்டுவிட்டு மறுபடியும் நோவைக் குடு என்று கும்பிட்டேன்.

நங்கையா இரண்டு காப்பையும் அவிழ்த்த நாளில் ஒரு செம்பில் கம்பத்துத் தண்ணீர் கொண்டுவந்தார். கண்ணில் விடத்தான் கொண்டுவருகிறார் என்று நினைத்துப் பயந்தேன். அவர் அதை என் காலில் ஊற்றினார். "கண்ணுக்கு டாக்டரம்மா மருந்து. மத்த ஒடம்புக்கு இது" என்றார்.

ஆடி மாதம். டாக்டர் மஞ்சள் மருந்தைத் தொட்டு வைத்து, நீல விளக்கைப் போட்டார். பார்த்தார். விளக்கை அணைத்துவிட்டு மறுபடியும் போட்டுப் பார்த்தார்.

"பச்சை இல்லம்மா. மூடியிருச்சு."

நடுவில் இருந்த தையலைப் பிரித்தார்கள். ஓரத்தில் கொஞ்சத்தைப் பாதுகாப்புக்காக அப்படியே விட்டார்கள், இன்றைக்கும் இருக்கிறது. அதனால் என் வலது கண் இடது கண்ணைவிடச் சின்னது. கண்ணாடியில் பார்த்தால் நான் யாரையோ நம்பாமல் பார்ப்பது மாதிரி இருக்கும். பார்வை முழுசாக வரவில்லை. நடுவில் தழும்பு இருக்கிறது, புகை மூட்டமாகத்தான் தெரியும். முகம் தெரியும், பஸ்ஸின் போர்டு தெரியாது. அதை மறைத்துச் சொன்னால் அது சாட்சி இல்லை, பொய்.

ஆனால் தோல் மூடினாலும் உணர்ச்சி இல்லாவிட்டால் மறுபடியும் உடையலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஒவ்வொரு முறையும் பஞ்சை நூலாகத் திரித்து அந்த நுனியால் கருவிழியைத் தொட்டுப் பார்ப்பார். தெரிகிறதா என்று கேட்பார். ஆவணியில் இல்லை. புரட்டாசியில் இல்லை. வருமா என்று கேட்டேன். சிலருக்குக் கொஞ்சம் வரும், பலருக்கு வராது, எதிர்பார்க்காதீர்கள் என்றார். நான் எதிர்பார்க்கவில்லை, கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

கார்த்திகையில் ஒரு நாள் அதே நாற்காலி, அதே பஞ்சு. கீழ் ஓரத்தில் தொட்டார். என் தலை தானாகப் பின்னால் போனது. நான் இழுக்கவில்லை, அதுவாகவே போனது.

டாக்டர் கையை நிறுத்தினார். "ஏம்மா?"

"நோவுதுங்க" என்றேன்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்பது எனக்கே விளங்கியது. டாக்டர் மறுபடியும் தொட்டார். மறுபடியும் முள் குத்தினது மாதிரி சுருக்கென்றது. "நோவுதுங்க, நல்லா நோவுதுங்க" என்று சொல்லிக்கொண்டே அழுதேன். வெளியே உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர் என்னவோ ஏதோ என்று கதவைத் திறந்துகொண்டு ஓடிவந்தார். டாக்டர் அவரைப் பார்த்து, "உங்க வீட்டம்மாவுக்கு வலிக்குதாம்" என்றார். இவர் அப்படியே சுவரில் சாய்ந்துகொண்டு இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிட்டார். ஒரு மனுசனுக்குப் பெண்டாட்டிக்கு வலிக்கிறது என்ற சேதியில் இவ்வளவு சந்தோஷம் வருமா என்று நர்ஸ் நினைத்திருப்பார்.

கீழ் ஓரத்தில் மட்டும்தான் வந்திருக்கிறது. மற்ற இடம் இன்னும் மரத்துத்தான் கிடக்கிறது. சொட்டு மருந்து ஆயுசுக்கும் விட வேண்டும். ஆனால் தோல் உடையவில்லை.

இப்போது எங்கள் ஊரில் யாருக்காவது முகத்தில் கொப்புளம் என்றால் முதலில் நங்கையாதான் போய் நிற்கிறார். ஒரு பக்கமா, இரண்டு பக்கமா என்று பார்க்கிறார். "தழை அது பாட்டுக்கு இருக்கட்டும், மொதல்ல பஸ் ஏறு" என்று விரட்டுகிறார். ஆத்தா கண்டிருந்தாலும் டாக்டர் பார்த்தால் அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள், அதற்கு நான் ஜவாப்தாரி என்கிறார். அந்த வார்த்தை அவர் வாயில் வருவதைக் கேட்கிறபோதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

இதைப் படிக்கிற அக்கா, தங்கை, அண்ணன்மார்களே. உங்கள் வீட்டிலும் ஏதாவது ஒரு துன்பம் இருக்கும், யாரிடமாவது கும்பிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். கேளுங்கள், கேட்பதை விடாதீர்கள். கேட்டது கிடைத்து அதுவே வினையானாலும், கூச்சப்படாமல் மறுபடியும் போய்க் கேளுங்கள். முன்னே கேட்டதை மாற்றிக் கேட்கிறாளே என்று ஆத்தா முகம் சுளிப்பதில்லை. நோகாமல் இருக்க வேண்டும் என்றேன், கேட்டாள். நோக வேண்டும் என்றேன், அதையும் கேட்டாள். நான் அழுதாலும் கூடவே நின்றாள், திட்டினாலும் கூடவே நின்றாள்.

போன வாரம் குழம்புக்குச் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். நங்கையா ஓடிவந்து முறத்தைப் பிடுங்கினார், கண்ணுக்கு ஆகாது என்று சத்தம் போட்டார். என் முகத்தைப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"ஏன் புள்ள, ரெண்டு கண்ணுலயும் தண்ணி வருது?"

"ரெண்டும் எரியுதுங் நங்கையா" என்றேன்.